உயிரணுவுக்குள் ஒரு தண்டல்



தோட்டத்துப் பெரட்டு என்றால் என்னவென்று நம்மில் மூத்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியுமுன் பேர் பதிந்து, இன்னார் மரம் வெட்ட, இன்னார் புல் வெட்ட, இன்னார் மருந்தடிக்க என்று தண்டல் பிரித்து அனுப்புவார். ஆளை மாற்றி அனுப்பிவிட்டால் அன்றைய வேலை கெட்டது. நம் உடம்பின் உயிரணுக்களுக்குள்ளும் இத்தகைய பெரட்டு இரவு பகலாக நடக்கிறது. அங்கே தண்டலாக நிற்கும் ஒரு புரதத்தின் வரலாற்றையே இன்று எடுத்துக்கொண்டோம். அதன் பெயர் சார்டிலின். வகை பிரித்தல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

ஒரு புரதம் போய்ச் சேர வேண்டிய இடம் அதன் உடலிலேயே ஒரு குறியாகப் பதிந்திருக்கிறது என்று விளக்கியவர் குந்தர் புளோபெல். அதற்காக 1999ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், குறி இருந்தால் மட்டும் போதுமா? அதைப் படித்துப் பார்த்து அனுப்பிவைக்க ஆள் வேண்டுமே!

அப்படிப்பட்ட ஆள் ஒன்று 1994ஆம் ஆண்டில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரில் அகப்பட்டது. ரொட்டி மாவை உப்பவைப்பதும் கள்ளைப் புளிக்கவைப்பதும் இந்த ஈஸ்டுதான். (கள்ளுக்கடைக்கு வாதாட இதை ஒரு சாக்காகக் கொள்ள வேண்டாம்!) ஈஸ்டின் உயிரணுவில் செரிமானப் பை ஒன்று உண்டு. அந்தப் பைக்கு வேண்டிய நொதியைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அந்தப் புரதத்தின் வேலை.

மூன்றாண்டுகள் சென்றன. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்தில் கிளாஸ் முங்க் பீட்டர்சனும் அவர் குழுவினரும், ஒரு புரதத்தைத் தூண்டில் இரையாக வைத்து, மனித மூளையிலிருந்து எடுத்த சாற்றை அதன்மேல் ஓடவிட்டார்கள். தூண்டிலில் சிக்கியது இதுவரை யாரும் அறியாத ஒரு புரதம். பார்த்தால், அதன் ஒரு பகுதி ஈஸ்டில் கண்ட புரதத்தின் சாயலாகவே இருந்தது. 1997ஆம் ஆண்டில் அதற்குச் சார்டிலின் என்று பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டே பிரான்சில் நரம்புச் செய்தி ஒன்றை ஏற்கும் புரதத்தைத் தேடிய வேறொரு குழுவின் கையிலும் இதே புரதம் வந்து சேர்ந்தது. இரண்டு குழுக்கள், இரண்டு தேடல்கள், ஒரே ஆள்!

சார்டிலினின் பெரும்பகுதி உயிரணுவின் உள்ளே இருந்து சரக்கைப் பிரிக்கிறது. சிறு பகுதி உயிரணுவின் வாசலில் நின்று, வெளியே மிதப்பவற்றைப் பிடித்து உள்ளே இழுத்து, பழையதை உடைத்தழிக்கும் லைசோசோம் என்னும் பைக்கு அனுப்புகிறது. இந்த வாசல் வேலையைச் சற்று நினைவில் வைத்துக்கொள்வோம்.

வெகுகாலம் ஆராய்ச்சிக் கூடத்துக்குள்ளேயே இருந்த இந்தப் பெயர், 2007, 2008ஆம் ஆண்டுகளில் வெளியே வந்தது. பல்லாயிரம் பேரின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, ஒன்றாம் குரோமோசோமில் உள்ள ஒரு சிறு வேறுபாடு, கெட்ட கொழுப்பு என்று டாக்டர்கள் சொல்லும் எல்.டி.எல். அளவோடும் மாரடைப்போடும் தொடர்புடையதாகத் தெரிந்தது. அதன் அண்டையில் இருந்தது சார்டிலின் மரபணு.

2010ஆம் ஆண்டில் வேடிக்கை ஒன்று நடந்தது. கல்லீரலில் சார்டிலின் கூடினால் எலியின் இரத்தத்தில் கொழுப்பு குறைகிறது என்று அமெரிக்கக் குழு ஒன்று எழுதியது. அதே ஆண்டில் டென்மார்க், ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள், சார்டிலின் அறவே இல்லாத எலிக்குத்தான் கொழுப்பு குறைகிறது என்றார்கள். இருவரும் தேர்ந்தவர்கள், இருவரும் அளந்துதான் சொன்னார்கள். மனிதரின் மரபணு முதற் குழுவின் பக்கம் பேசினாலும், அந்த முரண் முழுமையாகத் தீர்ந்தபாடில்லை. சார்டிலின் வழியாகக் கொழுப்பைக் குறைக்கும் மருந்து எதுவும் கடைக்கு வரவில்லை. ஆதலால் டாக்டர் கொடுத்த மாத்திரையை யாரும் நிறுத்திவிடாதீர்கள்.

இரத்தத்தில் மிதக்கும் சார்டிலினை அளந்து இரத்தக்குழாயின் நிலையை அறியலாமா என்றும் பார்த்தார்கள். அது மிகுந்த ஆண்களுக்குப் பெருந்தமனியில் சுண்ணாம்பு படிவதும் மிகுந்திருந்தது. ஆனாலும் நம் கிளினிக்கில் எடுக்கும் சாதாரண இரத்தப் பரிசோதனையில் அது சேரவில்லை.

இனி நாம் நெடுநேரம் நிற்க வேண்டிய இடத்துக்கு வருவோம்.

ஐம்பதை ஒட்டிய வயதில் ஒருவர் மாறிப்போகிறார். சாதுவாக இருந்தவர் சபையில் தகாத வார்த்தை பேசுகிறார். மனைவி அழுதாலும் கல்லாக நிற்கிறார். சிலருக்குப் பேச்சே குறைந்துவிடுகிறது. செய்வினை என்று பூசாரியிடம் அழைத்துச் செல்வோரும், குடித்துக் கெட்டான் என்று ஏசுவோரும் நம்மிடையே உண்டு. மூளையின் முன்பகுதியும் பக்கப்பகுதியும் தேய்ந்துபோகும் நோயாக அது இருக்கலாம். சில குடும்பங்களில் இது பரம்பரையாக வருகிறது. புரோகிரானுலின் என்னும் புரதத்தின் மரபணுப் பழுது அதற்கு ஒரு காரணம் என்று 2006ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். பெற்றோரிடமிருந்து வரும் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால், அந்தப் புரதம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது.

வாசலில் நிற்கும் நம் தண்டல், அந்தப் புரோகிரானுலினைத்தான் பிடித்து உள்ளே இழுக்கிறது. 2010ஆம் ஆண்டில் இது தெளிவானதும் ஒரு நம்பிக்கை பிறந்தது. தண்டலின் கையைக் கட்டிவிட்டால், இருக்கிற பாதிப் புரதமாவது அழியாமல் மிஞ்சும் அல்லவா?

அதற்காகச் செய்யப்பட்ட மருந்துதான் லட்டோசினெமாப். பழுதான மரபணு உள்ளவர்களிடம் ஏறத்தாழ இரண்டு ஆண்டு சோதித்த பெருஞ்சோதனையின் முடிவு 2025 அக்டோபரில் வெளியானது. நினைத்தபடியே இரத்தத்தில் புரோகிரானுலின் ஏறியது. நோயோ நிற்கவில்லை, அதன் வேகமும் குறையவில்லை. இரத்தத்தில் ஓர் எண் சரியாவதும் மனிதர் குணமாவதும் வேறு வேறு என்பதை அந்தக் குடும்பங்கள் மிகுந்த துயரத்தோடு அறிந்தன.

ஏன் இப்படி? புரோகிரானுலின் பணி செய்யும் இடங்களில் அந்த லைசோசோமும் ஒன்று. அழிக்கப்படும் இடம் என்று நாம் எண்ணிய இடமே அதன் வேலைத்தலமாகவும் இருக்கிறது. தண்டலின் கையைக் கட்டியதால் ஆள்கள் வெளியே பெருகினார்களே தவிர, வேலைக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்களா என்ற கேள்வி எழுகிறது. வேறு வழியும் முன்பே தொடங்கிவிட்டது. தண்டலைத் தொடாமல், நல்ல புரோகிரானுலின் மரபணுவையே நோயாளியின் உடம்புக்குள் கொண்டு சேர்க்கும் முறையைச் சில குழுக்கள் மனிதரிடம் சோதித்து வருகின்றன.