குப்பைமேனியின் பாக்டீரியா எதிர்ப்புச் சோதனை

குப்பைமேனியின் பாக்டீரியா எதிர்ப்புச் சோதனை என்பது, குப்பைமேனி (அகாலிஃபா இண்டிகா) என்னும் மூலிகையின் சாறு நோய் விளைவிக்கும் பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கிறதா என ஆய்வுகூடத்தில் கண்டறிவதாகும். ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி, அன்னவாசல் உள்ளிட்ட புதுக்கோட்டை மாவட்ட ஊர்களிலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் தரிசுகளில் களையாக வளர்கிறது. சொறி, சிரங்குக்கு இதன் இலையை உப்புடன் அரைத்துப் பூசுவர். பூனைகள் இதன் வேரை நாடிச் செல்வதால் பூனைவணங்கி என்ற பெயரும் உண்டு.

செய்முறை

நிழலில் உலர்த்திய இலையைப் பொடித்து, மெத்தனால் போன்ற கரைப்பானில் ஊறவைத்து வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்கிச் சாற்றைப் பெறுவர். அகார்க் கூழ் ஊற்றிய தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, சாறு தோய்த்த 6 மி.மீ. காகித வட்டை அதன்மேல் வைப்பர். ஓர் இரவு வெப்பக்காப்பில் வைத்தபின், வட்டைச் சுற்றி வளர்ச்சியற்ற வளையம் தோன்றினால் சாற்றுக்கு எதிர்ப்புத் தன்மை உண்டு எனக் கொள்ளப்படும். கரைப்பான் மட்டும் தோய்த்த வட்டையும் உடன் வைப்பது இன்றியமையாதது. இல்லையேல் பாக்டீரியாவைத் தடுத்தது இலையா கரைப்பானா என்பது தெரியாது.

மாணவர் செயல்திட்டங்கள் பெரும்பாலும் வளையத்தின் விட்டத்தை அளப்பதோடு நின்றுவிடுகின்றன. இது போதாது. கூழில் எளிதில் பரவாத வேதிப்பொருள், வலிமை மிக்கதாயினும் சிறிய வளையத்தையே தரும். எனவே வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவையும் அளக்க வேண்டும்.

முடிவுகளும் பொருளும்

2008இல் வெளியான தமிழக ஆய்வொன்றில், குப்பைமேனி இலைச் சாறுகள் கிராம்-நேர் பாக்டீரியாக்களை மில்லிலிட்டருக்கு 0.156 முதல் 2.5 மில்லிகிராம் வரையிலான செறிவுகளில் தடுத்தன. கிராம்-எதிர் வகையில் சூடோமோனாஸ் மட்டுமே கட்டுப்பட்டது. கிராம்-எதிர் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வு பல வேதிப்பொருட்களை உட்புக விடுவதில்லை. ஒப்பீட்டுக்கு, பென்சிலின் தனக்குக் கட்டுப்படும் பாக்டீரியாக்களை மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைந்த அளவிலேயே தடுக்கிறது. அத்தகைய செறிவைத் தோலின்மேல் பூச்சாக எட்டலாம்; குடித்து இரத்தத்தில் எட்டுவது மிகக் கடினம்.

பாதுகாப்பு

குப்பைமேனி சேர்த்துக் காய்ச்சியதைக் குடித்தவர்களில், ஜி6பிடி நொதிக் குறைபாடு உடையோருக்கு இரத்தச் சிவப்பணுக்கள் கடுமையாகச் சிதைந்ததை இலங்கை மருத்துவர்கள் 1996இல் பதிவு செய்தனர். இக்குறைபாடு மரபுவழி வருவது, ஆண்களிடம் மிகுதி. உடையவர் பலர் அதை அறியாமலேயே நலமாக வாழ்கின்றனர். பாக்டீரியாவை மட்டும் வளர்த்த தட்டில் இவ்விளைவு வெளிப்படாது என்பதால், நச்சுத்தன்மைச் சோதனைகள் தனியே செய்யப்படுகின்றன.