சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கா? - 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' வடக்கு உலகத்துக்கு ஒரு கைடு

'சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?' 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பார்த்தவர்களிடம் கேட்டால், டக்குனு வரும் பதில் ரெண்டுதான். ஒண்ணு, நீலக் கண்ணோடு நடந்து வரும் பிணங்கள். இன்னொண்ணு, இக்ரிட். ரெண்டுமே சரிதான். ஆனால் ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டின் 1996-ல் தொடங்கிய நாவல் வரிசையில், அந்த வடக்குக்கென்று தனி மலை, காடு, ஆறு, மொழிகள், கல்யாண வழக்கம் என எல்லாமே இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்... பெயர்! வெஸ்டெரோஸ் வரைபடத்தில் அந்தப் பகுதியின் பெயரே 'சுவருக்கு அப்பால்' என்பதுதான். அதாவது, தெற்குப் பக்கம் நிற்கிறவன் வைத்த பெயர். அங்கே வாழ்பவர்களை 'வைல்ட்லிங்', காட்டுமிராண்டி என்று அழைப்பதும் அவனேதான். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது 'ஃப்ரீ ஃபோக்', சுதந்திர மக்கள். இந்த ரெண்டு பெயருக்கு நடுவுலதான் மொத்தக் கதையும் இருக்கு. (ஸ்பாய்லர்கள் உண்டு, இன்னும் பார்க்காதவர்கள் உஷார்!)

முதலில் அந்தச் சுவர்

300 மைல் நீளம், சுமார் 700 அடி உயரம், முழுக்க ஐஸ். கட்டி 8,000 வருஷம் ஆகிறது என்பது அந்த உலகத்து நம்பிக்கை. கட்டியவர் ஸ்டார்க் வம்சத்தின் மூதாதையான 'பில்டர்' பிராண்டன் என்கிறார்கள். காவலுக்கு நைட்ஸ் வாட்ச். 19 கோட்டைகளில் கதை நடக்கும் காலத்தில் ஆள் இருப்பது மூன்றில் மட்டும். மொத்தக் காவலர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை.

இந்த ஐடியா வந்தது நிஜமான ஒரு சுவரிலிருந்து. கி.பி. 122-ல் ரோமானியப் பேரரசர் ஹேட்ரியன், பிரிட்டனின் வடக்கில் 73 மைல் நீளத்துக்கு ஒரு சுவரைக் கட்டத் தொடங்கினார். 1981-ல் அங்கே போன மார்ட்டின், அதன் மேல் நின்றபடி, எங்கிருந்தோ வந்து இந்தக் குளிரில் காவலுக்கு நிற்கும் ரோமானிய வீரனுக்கு வடக்கைப் பார்க்கும்போது எப்படி இருந்திருக்கும் என யோசித்திருக்கிறார். அந்தப் பயம்தான் நாவலில் 700 அடிக்கு வளர்ந்திருக்கிறது. ஹேட்ரியன் சுவரின் நிஜ உயரம் சுமார் 15 அடிதான் பாஸ்!

காடும் மலையும்

சுவரைத் தாண்டியதும் வருவது 'ஹான்டட் ஃபாரஸ்ட்' என்ற பேய்க்காடு. எதிரி மறைந்து வரக் கூடாது என்பதற்காக, ஒரு காலத்தில் அரை மைல் தூரத்துக்கு மரங்களை வெட்டிவைப்பது காவலர்களின் வேலை. ஆள் பற்றாக்குறையில் அதுவும் நின்றுபோக, பல இடங்களில் காடு சுவர்வரை வந்துவிட்டது.

இந்தக் காட்டின் ஹீரோ, வெயர்வுட் மரம். எலும்பு மாதிரி வெள்ளைப் பட்டை, ரத்தச் சிவப்பில் இலை, தண்டில் செதுக்கிய முகம். தெற்கில் இவற்றைப் பெரும்பாலும் வெட்டிவிட்டார்கள். சுவருக்கு வடக்கே இன்னும் நிற்கின்றன. ஒயிட்ட்ரீ என்ற குக்கிராமத்தில் இருப்பதே நாலு வீடு. அவற்றுக்கு நடுவில் ஒரு பிரமாண்ட வெயர்வுட். அதன் வாய்க்குள் ஓர் ஆட்டையே வைக்கலாம், அவ்வளவு பெரிசு. நைட்ஸ் வாட்ச்சில் பழைய கடவுள்களை வணங்குபவர்கள் உறுதிமொழி எடுப்பதும் சுவருக்கு வடக்கே இருக்கும் ஒரு வெயர்வுட் தோப்பில்தான். எதிரி நாடு, ஆனா சாமி அங்கதான்!

மேற்கே ஃப்ராஸ்ட்ஃபாங்ஸ் மலைத்தொடர். அங்கிருந்துதான் மில்க்வாட்டர் ஆறு இறங்குகிறது. கிழக்குக் கடலோரம் இருந்த ஹார்ட்ஹோம், அந்த மக்கள் ஊர் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வளர்த்தெடுத்த ஒரே இடம். இயற்கைத் துறைமுகம், மீன், மரம் எனச் செழித்த அந்த ஊர், 600 வருஷத்துக்கு முன் ஒரே ராத்திரியில் எரிந்து சாம்பலானது. அந்த வெளிச்சத்தைத் தூரத்திலிருந்து பார்த்த காவலர்கள், சூரியன் வடக்கில் உதிக்கிறது என்றே நினைத்தார்களாம். ஏன் எரிந்தது என்பதற்கு நாவலில் இதுவரை பதில் இல்லை. சீரியலில் அதே பெயரில் வரும் பனிச் சண்டை வேறு கதை.

ஓநாய் நிஜம்... சிலந்தி?

டயர்வுல்ஃப் கற்பனை என்று நினைத்தால், இல்லை. நிஜத்தில் அமெரிக்கக் கண்டத்தில் வாழ்ந்து, பத்தாயிரம் வருஷத்துக்கும் முன்பே அழிந்துபோன விலங்கு அது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருக்கும் லா பிரியா தார்க்குழிகளில் 4,000-க்கும் மேற்பட்ட டயர்வுல்ஃப்களின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. நாவலில் வருவதுபோலக் குட்டிக் குதிரை சைஸ் எல்லாம் கிடையாது, பெரிய சாம்பல் ஓநாய் அளவுதான். 2021-ல் வந்த மரபணு ஆய்வு, இவை இன்றைய ஓநாய்களுக்கு நெருங்கிய சொந்தமே இல்லை என்றது. 2025-ல் ஒரு அமெரிக்க நிறுவனம் 'டயர்வுல்ஃபை மீட்டுவிட்டோம்' என்று மூன்று குட்டிகளைக் காட்டியது. அதில் ஒன்றின் பெயர் கலீஸி! மரபணுவில் சில மாற்றங்கள் செய்யப்பட்ட சாம்பல் ஓநாய்கள்தான் அவை என்று பல விஞ்ஞானிகள் அப்போதே சொல்லிவிட்டார்கள்.

மாமத் யானைகளும் நிஜம்தான். ரஷ்யாவின் ராங்கல் தீவில் அவை சுமார் 4,000 வருஷத்துக்கு முன்புவரை இருந்தன. எகிப்தில் பெரிய பிரமிடு அதற்கு முன்பே எழுந்துவிட்டது. கதையில் இந்த மாமத் மேல் சவாரி செய்பவர்கள் ராட்சதர்கள். பார்க்கத்தான் பயங்கரம். நாவலில் வரும் வுன் வுன் என்ற ராட்சதர் சுத்த சைவம், கறி தொடுவதே இல்லை. மலைகளில் ஷேடோகேட் என்ற பெரும்பூனை, பனிக்கரடி எல்லாம் உண்டு. நாய் சைஸ் பனிச் சிலந்தி மட்டும் இப்போதைக்குப் பாட்டி கதையில்தான் வருகிறது.

ஒரே ரத்தம்

வெளியிலிருந்து பார்த்தால் 'வைல்ட்லிங்' ஒரே கும்பல். உள்ளே போனால் ஒருத்தருக்கொருத்தர் ஆகாது. சீரியலில் இவர்களை ஒன்று சேர்க்கும் மேன்ஸ் ரேய்டர், தன் படையில் 90 குலங்களும் ஏழு மொழிகளும் இருப்பதாகச் சொல்வார். வெறுங்காலோடு பனியில் நடக்கும் ஹார்ன்ஃபுட்கள், நாய்கள் இழுக்கும் வண்டியில் வரும் உறைகடற்கரை மக்கள், முகத்தில் சாயம் பூசும் குகைவாசிகள் எனப் பெரிய பட்டியல். இவர்களில் தென்கள் தனி ரகம். தலைவன், சட்டம், சுரங்கம் என ஒழுங்கோடு வாழ்பவர்கள், பேசுவது பழைய மொழி. சீரியல் அவர்களை நரமாமிசம் தின்பவர்களாக மாற்றியது. நாவலில் அந்தப் பழி ஐஸ்-ரிவர் குலங்கள் மேல்தான். எனக்கென்னவோ சீரியல் செய்த மோசமான மாற்றங்களில் இதுவும் ஒன்று.

அந்த நிலத்தின் குளிர் அவர்களுடைய வழக்கங்களிலும் தெரியும். குழந்தைக்கு ரெண்டு வயசு ஆகும் முன் பெயர் வைப்பது அபசகுனம். அதற்குள் இறந்துபோகும் குழந்தைகள் அவ்வளவு பேர். பிணத்தைக் கட்டாயம் எரிப்பார்கள், இல்லையென்றால் அது எழுந்து வரும். பெண்ணைத் தூக்கிப்போய்க் கல்யாணம் செய்வது அங்கே வழக்கம். கேட்கவே கொடுமைதான். பிடிக்காதவனின் கழுத்தைத் தூக்கத்தில் அறுக்க அவளுக்கும் உரிமை உண்டு என்பது அவர்கள் சொல்லும் சமாதானம். தெற்கத்தியர்களுக்கு இவர்கள் வைத்த பட்டப்பெயர், 'மண்டியிடுறவங்க'.

இவர்களும் ஸ்டார்க் குடும்பமும் ஒரே ஆதி மனிதர்களின் வாரிசுகள். சுவர் எழுந்தபோது யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதுதான் வித்தியாசம். இக்ரிட் ஜான் ஸ்நோவுக்கு ஒரு கதை சொல்வாள். பேல் என்ற வடக்குப் பாடகன் வின்டர்ஃபெல் கோட்டைக்குள் போய், ஸ்டார்க் பிரபுவின் ஒரே மகளின் மனசைக் கவர்கிறான். அவர்களுக்குப் பிறந்த மகன்தான் அடுத்த ஸ்டார்க் பிரபு. வின்டர்ஃபெல்லில் வளர்ந்த ஜான் அந்தக் கதையைக் கேள்விப்பட்டதே இல்லை!

மேன்ஸ் ரேய்டரும் ஒருகாலத்தில் நைட்ஸ் வாட்ச் வீரன்தான். காட்டில் அடிபட்டுக் கிடந்தபோது ஒரு பெண் காயத்துக்கு மருந்து போட்டு, அவனுடைய கிழிந்த கறுப்பு அங்கியில் தன்னிடமிருந்த சிவப்புப் பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அவளிடம் இருந்ததிலேயே விலை உயர்ந்த பொருள் அது. கோட்டைக்குத் திரும்பியதும், அங்கி முழுக் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று வேறு அங்கி கொடுத்தார்கள். அடுத்த நாள் காலையிலேயே கிளம்பிவிட்டான்.

கதவு திறந்தபோது

2011-ல் வந்த ஐந்தாவது நாவலில், தளபதியான ஜான் ஸ்நோ சுவரின் கதவைத் திறந்து அந்த மக்களை உள்ளே விடுகிறான். மனிதாபிமானத்தோடு கணக்கும் இருக்கிறது. வெளியே விட்டால் செத்து, எதிரியின் பிணப்படையில் சேர்ந்துவிடுவார்கள். ஆனால் சும்மா விடவில்லை. நகை, தங்கம் என இருப்பதையெல்லாம் வாசலில் கொடுத்துவிட வேண்டும், 100 பையன்களைப் பிணையாக ஒப்படைக்க வேண்டும். பெற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பையன்கள்தான் முதலில் கதவைக் கடக்கிறார்கள். சுவர் கட்டப்பட்டது பிணங்களைத் தடுக்கத்தான் என்பதை மறந்துவிட்ட நைட்ஸ் வாட்ச் வீரர்கள் சிலருக்கு இது துரோகமாகப் படுகிறது. ஜானைக் கத்தியால் குத்துகிறார்கள். நாவலில் அவன் கதை இப்போதைக்கு அங்கேயே நிற்கிறது. ஆறாவது புத்தகம் இன்னும் வரவில்லை.