ஒரு மர யானைக்கு என்ன விலை?

போன மாசம் எங்க அபார்ட்மென்ட்டுல ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை போட்டாங்க. ஊறுகாய், மெழுகுவர்த்தி, குரோஷே பைகளுக்கு நடுவில் எனக்கும் ஒரு மேசை. அதில் மரத்தில் வெட்டின விலங்கு பசில்கள், மொத்தம் ஒன்பது: யானையும் குட்டியும், ஆமை, ஒட்டகச்சிவிங்கி. ஒவ்வொன்றிலும் ஐந்தாறு துண்டுகள். கலைத்துப் போட்டுத் திரும்பச் சேர்க்கலாம். எல்லாம் நானே வெட்டி, உப்புத்தாள் தேய்த்து, பெயிண்ட் அடித்தவை.

ஒரு அக்கா வந்து யானையை எடுத்துப் பார்த்தாங்க. "எவ்வளவு தம்பி?"

"எண்ணூறு ரூபாய்க்கா."

"ஐயோ, இதே மாதிரி ஆன்லைன்ல 299-க்குக் கிடைக்குதே!"

அதற்குள் அவங்க இடுப்பில் இருந்த குழந்தை தும்பிக்கையை வாயில் வைத்துவிட்டது. சட்டென்று பிடுங்கிக்கொண்டே கேட்டாங்க: "பெயிண்ட்டு ஒண்ணும் பண்ணாதுல்ல?"

"டப்பாவுல நான்-டாக்ஸிக்னு போட்டிருக்குக்கா" என்றேன். அவங்க யானையை வைத்துவிட்டு ஊறுகாய் பக்கம் போயிட்டாங்க.

ஏன் எண்ணூறு? குழந்தை கடித்தால் என்ன ஆகும்? ரெண்டே கேள்வி. ரெண்டுக்கும் என்கிட்ட ஒழுங்கான பதில் இல்லை. தேடப் போனால் 260 வருஷக் கதை ஒன்று மாட்டியது. இன்றைய எபிசோட் அதுதான்.

கடல் வேண்டாம் என்றால் விலை குறைவு

1760-களின் லண்டன். ஜான் ஸ்பில்ஸ்பரி என்று ஒருவர்; செப்புத் தகட்டில் வரைபடம் செதுக்குவது தொழில். அச்சடித்த வரைபடத்தை மஹோகனிப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் மேலேயே மெல்லிய ரம்பத்தை ஓட்டித் துண்டு துண்டாக வெட்டி விற்றார். வசதியான வீட்டுப் பிள்ளைகள் பூகோளம் படிக்க. 1763-ல் வந்த லண்டன் தொழில் விவரப் புத்தகத்தில் அவர் பெயருக்கு எதிரே, மரத்தில் வரைபடங்களைப் பிரித்து வெட்டுபவர் என்றே போட்டிருக்கிறது.

ஜிக்சா பசிலின் அப்பா என்று இவரைத்தான் சொல்வார்கள். ஆனால் இவருக்கு முன்பே லண்டனில் மர வரைபடம் வைத்துப் பாடம் நடத்தியவர் ஒரு பிரெஞ்சு ஆசிரியை, மதாம் லெப்ரின்ஸ் த பொமோன். நமக்குத் தெரிந்த வடிவில் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' கதையைச் சுருக்கி எழுதியவரும் இவரே.

ஸ்பில்ஸ்பரி கதையில் எனக்குப் பிடித்த இடம் விலைப்பட்டியல். கடலோடு சேர்த்து வாங்கினால் ஒரு விலை. கடல் இல்லாமல் நாடுகள் மட்டும் போதும் என்றால் அதைவிடக் குறைவு. கடல் அளவுக்கு மரம் மிச்சம், இல்லையா? பசில் பிறந்த அன்றைக்கே அதைச் செய்தவர் எங்கே செலவைக் குறைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் பார்த்தார்கள்.

தையல் மெஷின் மாதிரி ஒரு ரம்பம்

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிடுறேன். ஸ்க்ரோல் சா என்பது பார்க்கத் தையல் மெஷின் மாதிரியே இருக்கும். ஊசி இருக்கும் இடத்தில் நூல் போல ஒரு ரம்பப் பிளேடு மேலும் கீழும் ஆடும். பிளேடு இருந்த இடத்திலேயே இருக்கும். மரத்தைப் பிடித்துத் திருப்புவது நம் கைதான். விலங்கின் கண் மாதிரி உள்ளே வெட்ட வேண்டுமென்றால், முதலில் ஒரு துளை போட்டு, பிளேடைக் கழற்றி, துளைக்குள் விட்டுத் திரும்ப மாட்ட வேண்டும்.

இதில் ஒரு சங்கதி இருக்கு. ஒரு கோடு வெட்டினால் இரண்டு ஓரங்கள் பிறக்கும். தாய் யானையின் வயிறுதான் குட்டி யானையின் முதுகு. கை ஒரு மில்லிமீட்டர் நழுவினால் ரெண்டு பேருக்கும் அடி. கன்ட்ரோல் இசட் கிடையாது. நான் முதல் நான்கு பலகைகளைக் குப்பையில்தான் போட்டேன்.

19-ம் நூற்றாண்டில் இந்த ரம்பத்துக்குக் காலால் மிதிக்கும் பெடல் வந்தது. 1876 பிலடெல்பியா பொருட்காட்சிக்குப் பிறகு அமெரிக்க வீடுகளில் இது பெரிய பொழுதுபோக்காகவே பரவியது.

அடுத்த அலை 1908 வாக்கில். இந்த முறை பெரியவர்களுக்கான மர ஜிக்சா பசில். 500 துண்டு பசில் ஒன்று 5 டாலர். அப்போது அமெரிக்கத் தொழிலாளியின் சராசரி மாதச் சம்பளம் சுமார் 50 டாலர். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு! காரணம், ஒவ்வொரு துண்டையும் ஒரு ஆள் தனித்தனியாக வெட்ட வேண்டும். பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி 1909-ல் மற்ற விளையாட்டுகளை எல்லாம் நிறுத்திவிட்டு, தொழிற்சாலை முழுவதையும் பசில் வெட்டுவதற்கே ஒதுக்கியது. வெட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். துண்டுகளுக்கு நடுவில் நாய், பறவை என்று உருவத் துண்டுகளை ஒளித்து வைப்பது அவர்களுடைய தனி முத்திரை ஆனது.

வேலை போனவர்கள் கையில்

1930-களின் பெருமந்தத்தில் கதை திரும்புகிறது. 1933-ல் அமெரிக்காவில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. வேலை இழந்த கட்டடக் கலைஞர்கள், தச்சர்கள் பலர் வீட்டிலேயே ரம்பத்தை வைத்து பசில் வெட்ட உட்கார்ந்தார்கள். வாங்கக் காசு இல்லாதவர்களுக்கு மருந்துக் கடைகளும் வாடகை நூலகங்களும் பசிலை வாடகைக்குக் கொடுத்தன. ஓர் இரவுக்கு, அளவைப் பொறுத்து, 3 முதல் 10 சென்ட்.

அதே நேரத்தில்தான் அட்டை பசில் பெரிதாகப் பரவியது. வளைத்த இரும்புப் பட்டைகளை ஒரு அச்சாகக் கட்டி, பிரஸ்ஸில் வைத்து ஒரே அழுத்து. முழு பசிலும் ஒரு நொடியில் வெட்டுப்பட்டுவிடும். விலை 25 சென்ட். 1933-ன் தொடக்கத்தில் வாரத்துக்கு 1 கோடி பசில்கள் விற்றன. வீட்டில் ரம்பத்தோடு உட்கார்ந்திருந்தவரை நினைச்சுப் பாருங்க. வேலை போனதால் ஒரு கைத்தொழிலுக்கு வந்தார். வந்த கொஞ்ச நாளில் அதற்கும் ஒரு மெஷின் வந்துவிட்டது. போன வருஷம் எங்க டீம்ல பாதிப் பேருக்கு ஒரே நாளில் மெயில் வந்தது. அதில் தப்பித்தவன் நான். அந்தப் பயத்தில்தான், 'கையில் ஒரு தொழில் இருக்கட்டும்' என்று இந்த ரம்பத்தையே வாங்கினேன். அதனால் இந்தப் பகுதியை என்னால் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை.

தப்பித்தவர்களும் உண்டு. பிராங்க் வேர், ஜான் ஹென்ரிக்ஸ். வேலையில்லாத இரண்டு நியூயார்க் இளைஞர்கள், 1932-ல் பார் பசில்ஸ் தொடங்கினார்கள். அட்டையோடு விலையில் போட்டி போடவே இல்லை. இன்னும் நுணுக்கமாக, இன்னும் கஷ்டமாக, பணக்காரர்களுக்கு வெட்டினார்கள். ஒவ்வொரு பசிலிலும் கடல்குதிரை வடிவத்தில் ஒரு துண்டு. அதுதான் அவர்கள் கையெழுத்து. கைவேலை பிழைத்தது. ஆனால் சாதாரண ஆளுக்கு எட்டாத இடத்துக்குப் போய்ப் பிழைத்தது.

பதினாறு விலங்குகள், ஒரே பலகை

இப்போது மிலானுக்குப் போகலாம். 1957-ல் என்ஸோ மாரி என்ற 25 வயது இளைஞர் டனேஸே நிறுவனத்துக்காக ஒரு பொம்மை வடிவமைத்தார். பெயர் '16 அனிமாலி', அதாவது 16 விலங்குகள். ஒரே ஓக் பலகை. அதற்குள் யானை, ஒட்டகச்சிவிங்கி, ஒட்டகம், நீர்யானை, பாம்பு என்று 16 பேர், ஒருவர் வளைவுக்குள் ஒருவர். பிரித்து எடுத்தால் ஒவ்வொன்றும் தானாக நிற்கும். ஒன்றின் முதுகில் இன்னொன்றை ஏற்றலாம். திரும்ப அடுக்கினால் பலகை. பெயிண்ட் கிடையாது.

நான் சந்தைக்குக் கொண்டுபோன யானைக்கும் மூலம் இதுதான். ஒரு விலங்கின் படத்தை அச்சடித்துத் துண்டு போடுவதில்லை, வெட்டுக்கோடே விலங்காகிவிடுகிறது.

மாரி ஒரு கம்யூனிஸ்ட். நல்ல பொருள் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டவர். 1974-ல், பலகையும் ஆணியும் இருந்தால் யாரும் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய மேசை நாற்காலி வரைபடங்களை, தபால் செலவு அனுப்பினால் போதும் என்று கொடுத்தார். அப்படிப்பட்டவரின் ஓக் விலங்குகளுக்கு என்ன ஆனது? வெட்டுவதற்கு ரொம்ப நேரம் பிடித்தது. மலிவாகத் தரப் பின்னாளில் பிளாஸ்டிக் பதிப்பு வந்தது. ஓக் பதிப்பு, எண் போட்டுக் குறைந்த அளவில் விற்கும் சேகரிப்பாளர் பொருளாகிவிட்டது. 2020 அக்டோபரில் மாரி இறந்தார். குழந்தை கையில் இருக்க வேண்டிய அந்த நீர்யானை இன்றைக்குப் பல வீடுகளில் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

பெயிண்ட் ஒண்ணும் பண்ணாதுல்ல?

சரி, அக்காவின் இரண்டாவது கேள்வி.

பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் வருவதற்கு ஈய நிறமிகளை ரொம்ப காலம் பயன்படுத்தினார்கள். ஈயம் உடம்பில் சேர்ந்தால் சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். போன பாதிப்பு திரும்பாது. பொம்மைகளிலும் வீட்டுப் பெயிண்ட்டிலும் அமெரிக்கா 1978-லேயே இதற்குத் தடை போட்டது. அப்படியும் 2007-ல் பெரிய பிராண்டுகளே மாட்டின. சீனாவில் செய்த 'தாமஸ்' மர ரயில்கள் மட்டும் 15 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. மாட்டெல் நிறுவனமும் லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது.

2008 ஆகஸ்ட்டில் கடுமையான சட்டம் வந்தது. பெயிண்ட்டில் ஈயத்தின் வரம்பு, பத்து லட்சத்தில் 600 பங்கு என்பதிலிருந்து 90 ஆகக் குறைந்தது. ஒவ்வொரு குழந்தைப் பொருளையும் வெளி ஆய்வகத்தில் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். வரம்பு நியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்க. ஒரு டிசைனுக்கு ஒரு சோதனை. லட்சம் ரயில் செய்கிறவருக்கு அந்தச் செலவு ரயில் ஒன்றுக்குச் சில பைசா. கொட்டகையில் உட்கார்ந்து இருபது டிசைனில் பத்துப் பத்து பசில் வெட்டுகிறவருக்கு, பொம்மை விலையைவிடச் சோதனை விலை அதிகம்.

இங்கேதான் எனக்குப் புரிந்தது. வெட்டும் வேலை எண்ணிக்கை கூடினாலும் குறையாது. சோதனைச் செலவு எண்ணிக்கை கூடினால்தான் குறையும். கைவேலைக்காரர் ரெண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிறார்.

சிறு பொம்மைக்காரர்கள் கைவினைப் பொம்மைக் கூட்டமைப்பு ஒன்று அமைத்துப் போராடினார்கள். பெயிண்ட் அடிக்காத இயற்கை மரத்துக்கு ஈயச் சோதனை வேண்டாம் என்று முதலில் விலக்கு வந்தது. 2011-ல், வருஷம் 10 லட்சம் டாலருக்கு மேல் போகாத, ஒரு பொருளில் 7,500-க்கு மேல் செய்யாத சிறு தயாரிப்பாளர்களுக்குச் சில சோதனைகளில் சலுகை கிடைத்தது. பெயிண்ட்டின் ஈயச் சோதனையில் யாருக்கும் விலக்கு இல்லை. இதற்கு நடுவில் 2009-லேயே, திரும்பப் பெற்ற அதே மாட்டெலுக்குத் தன் சொந்த ஆய்வகங்களில் சோதித்துக்கொள்ள அனுமதி கிடைத்திருந்தது.

நம்ம ஊரிலும் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அரசிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கும், சென்னப்பட்டணா மாதிரி புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. நான் ரெண்டும் இல்லை. ஓஎம்ஆரில் கோடு எழுதுகிற ஆள். அதாவது, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட மேசையே தப்பு.

எண்ணூறு ரூபாய்

அன்றைக்கு ரெண்டு பசில் விற்றிருந்தேன். இதையெல்லாம் படித்து முடித்த இரவு, அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குரூப்பில் எழுதினேன்: பெயிண்ட் சோதிக்கப்படாதது, திருப்பிக் கொடுத்தால் முழுப் பணம் தருகிறேன். ஆமை திரும்பி வந்தது. ஒட்டகச்சிவிங்கி வாங்கின பெரியவர், "டிவி மேல அழகா இருக்கு தம்பி, குடுக்க மாட்டேன்" என்றார். அவர் வீட்டில் குழந்தைகள் இல்லை. சரி என்று விட்டுவிட்டேன்.

முதல் கேள்விக்கு இப்போது பதில் இருக்கு. யானைக்கு மரமும் பெயிண்ட்டும் 90 ரூபாய். வரைந்து வெட்ட ஒன்றரை மணி நேரம், உப்புத்தாளுக்கு ஒரு மணி, பெயிண்ட்டுக்கு அரை மணி. மொத்தம் மூன்று மணி நேரம். மணிக்கு 240 ரூபாய்கூட வரவில்லை. 299 ரூபாய் யானையில் அந்த மூன்று மணி நேரம் இல்லை. அதற்குப் பதில் ஒரு மெஷினும் ஆயிரக்கணக்கில் ஆர்டரும் இருக்கின்றன. அந்த அக்கா கேட்டது தப்பே இல்லை. அவங்க பட்ஜெட்டுக்கு அது சரியான யானை. என் யானையின் விலையும் சரிதான்.

கடலை வெட்டிவிட்டு விலையைக் குறைத்தார் ஸ்பில்ஸ்பரி. நான் பெயிண்ட்டை விட்டுவிட்டேன். போன வாரம் அக்கா பையனுக்காக ஒரு யானைக் குடும்பம் வெட்டினேன். மரத்தின் நிறம் அப்படியே. ஓரங்களை மட்டும் வழுவழுப்பாகத் தேய்த்தேன். அவன் வாய்க்குள் போகாத அளவுக்கு எல்லாத் துண்டும் பெரிசு. இது விற்பனைக்கு இல்லை.

வீடியோ காலில் பார்த்தேன். குட்டி யானையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம். உங்க வீட்டுல கையால செஞ்ச பொம்மை ஏதாவது பத்திரமா இருந்தா, அதை யார் செஞ்சாங்க, எத்தனை நாள் ஆச்சுன்னு கேட்டு எழுதுங்க.