இருட்டுக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று

ஆரணிக்கு மேற்கே சவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் ஆடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் வானம் பார்க்கிறது. மேகம் திரண்டால் அன்றைய வேலை போச்சு. மேகமே இல்லாவிட்டாலும் புறஊதா ஒளியில் பெரும்பகுதியை ஓசோன் விழுங்கிவிடும். சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவோ பகல் வெளிச்சத்தில் கரைந்துபோகும். காவலூரை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இந்த இரண்டையும் பார்க்க இரு கருவிகளை விண்ணுக்கு அனுப்பியிருக்கிறது. ஒன்று, 2015 செப்டம்பர் 28 அன்று அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் சென்ற யு.வி.ஐ.டி. என்ற புறஊதாத் தொலைநோக்கி. மற்றது, 2023 செப்டம்பர் 2 அன்று ஆதித்யா எல்-1 விண்கலத்தில் சென்ற, கரோனாவைப் பார்க்கும் வி.இ.எல்.சி. இரண்டும் பெங்களூரு அருகே ஓசகோட்டையில் உள்ள எம்.ஜி.கே. மேனன் ஆய்வகத்தில் உருவானவை.

ஒரே கூரை, நேரெதிர் குணம். யு.வி.ஐ.டி.க்கு ஒளிப் பஞ்சம். 37.5 செ.மீ. ஆடி கொண்ட இரண்டு தொலைநோக்கிகள். வந்து விழும் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் உணரிகள். அவற்றைக் கனடாவுடன் சேர்ந்து செய்தார்கள். பிரகாசமான விண்மீன் குறுக்கே வந்தாலே உணரி கெடலாம். பூமியின் நிழலில் செல்லும் நேரத்தில் மட்டுமே யு.வி.ஐ.டி. வேலை செய்யும்.

வி.இ.எல்.சி.க்கு ஒளிதான் தொல்லை. கரோனா சூரிய வட்டைவிட ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு மங்கல். அதனால் இரண்டாவது ஆடியின் நடுவே ஒரு துளை வைத்தார்கள். வட்டின் ஒளி அதன் வழியே வெளியேற்றப்படுகிறது. சுற்றிலும் விழும் கரோனா ஒளி மட்டும் தொடர்ந்து உள்ளே செல்கிறது. இந்த ஏற்பாட்டால் சூரிய விளிம்பை ஒட்டி, மையத்திலிருந்து 1.05 சூரிய ஆரம் வரை நெருங்கிப் பார்க்க முடிகிறது.

தூசும் ஆவியும் இரண்டுக்கும் பகை, காரணம்தான் வேறு. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் யு.வி.ஐ.டி. ஆடியில் படிந்தால், கிடைக்கும் கொஞ்ச ஒளியையும் அது உறிஞ்சிவிடும். வி.இ.எல்.சி. ஆடியில் படியும் தூசு சூரிய ஒளியைச் சிதறடித்துக் கரோனாவை மூழ்கடிக்கும். ஆடியின் மெருகில் இருக்கும் நுண்ணிய கரடும் அதையே செய்யும். செய்வதன் கடினத்தில் வி.இ.எல்.சி.யே ஒரு படி மேல் என்பேன். ஒளியைச் சேர்ப்பதைவிட, வேண்டாத ஒளியை மிச்சமின்றி வெளியேற்றுவது பெரும்பாடு.

விளைச்சலில் மூத்தது முந்துகிறது. சுமார் 930 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள விண்மீன் மண்டலம் ஒன்றின் புறஊதா ஒளியை யு.வி.ஐ.டி. பிடித்ததை, 2020இல் வானியலாளர் கனக் சாகாவின் குழு வெளியிட்டது. என்ன, ஆரணித் தறியில் இழை அறுந்தால் உடனே முடிச்சுப் போட்டு நெசவைத் தொடரலாம். அனுப்பிய கருவியில் யாரும் கைவைக்க முடியாது. பூமியிலிருந்து 650 கி.மீ. உயரத்தில் யு.வி.ஐ.டி. சுற்றுவதற்கும் 15 லட்சம் கி.மீ. தள்ளி வி.இ.எல்.சி. நிற்பதற்கும் இதில் வித்தியாசமே இல்லை. 2018இல் யு.வி.ஐ.டி.யின் அண்மைப் புறஊதாப் பிரிவு செயலிழந்தது. அதன்பின் தொலைப் புறஊதாப் பிரிவைக் கொண்டே ஆய்வு தொடர்ந்தது.