கணக்கில் வராத வேலை

"என்னடா இது?"

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அம்மா கேட்ட கேள்வி. ஹால் தரையில் பழைய நியூஸ்பேப்பரை விரிச்சு, அது மேல ஒரு சார்ட் பேப்பரைப் போட்டு, அம்பத்தூர் ஓ.டி. ஸ்டேஷனரி கடையில் வாங்கின போஸ்டர் கலரை அப்பிட்டு இருந்தேன். நீலத்துக்கு மேல ஒரு காவிப் பட்டை. அதுக்குக் குறுக்கே நாலு கறுப்புக் கோடு. வீடு இல்லை, தென்னை மரம் இல்லை, ரெண்டு மலைக்கு நடுவுல உதிக்கிற சூரியன் கூட இல்லை.

"தெரியலைம்மா. சும்மா."

"சும்மான்னா?"

பதில் வரலை. ஆனா ஒண்ணு மட்டும் தெரியும். அதுக்கு முந்தின மூணு வாரம் ஒரு ரிலீசுக்காக ராத்திரி பகலா ஆணி. படுத்தா கண்ணு மூடும், மண்டை மூடாது. கனவுல கூட எர்ரர் லாக் ஓடும். அந்த ஞாயித்துக்கிழமை கலரைக் குழைச்சிட்டு இருந்த ரெண்டு மணி நேரத்துல ஃபோன் எங்க இருக்குன்னே மறந்துட்டேன். அன்னிக்கு ராத்திரி ஒழுங்கா தூங்கினேன்.

அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் தேடப் போய், மெட்ராஸ் சரித்திரத்தில் ஒரு பக்கம் கையில் மாட்டியது. அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க மக்களே.

பூந்தமல்லி ஹைரோட்டின் அந்தக் கடைசி

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு பூந்தமல்லி ஹைரோடு பத்திச் சொல்லவே வேண்டாம். பூந்தமல்லியில் இருந்து மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை, கீழ்ப்பாக்கம் வழியா சென்ட்ரல் வரைக்கும் போகும் ரோடு. இப்போ பேர் பெரியார் ஈ.வெ.ரா. சாலை. அதுல சென்ட்ரலை நெருங்குற கடைசியில், எழும்பூர் பக்கம், சிவப்புக் கட்டடங்களோட ஒரு வளாகம் இருக்கு. அரசு கவின்கலைக் கல்லூரி. எத்தனையோ தடவை பஸ்ஸில் தாண்டிப் போயிருக்கேன். உள்ளே என்ன இருக்குன்னு ஒரு நாளும் யோசிச்சதில்லை.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ராணுவ டாக்டர் ஆரம்பித்த பள்ளி அது. டாக்டருக்கு எதுக்கு ஓவியப் பள்ளின்னு கேக்காதீங்க, அந்தக் காலத்து ஆளுங்க அப்படித்தான். கைத்தொழில் சொல்லிக்கொடுப்பதுதான் முதலில் அதன் முக்கிய வேலை. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்திய முதல்வர் ஆனார். மெரினாவில் உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீங்களே, அதைச் செய்தவர். 1957இல் அவருக்கு அடுத்து வந்தவர்தான் கே.சி.எஸ். பணிக்கர். இந்தக் கதையின் ஹீரோ.

பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சின்ன வயசிலேயே நல்லா வரைவார். ஆனால் அப்பா இறந்துபோக, குடும்பத்தைக் காப்பாத்தப் படிப்பை விட்டுட்டுத் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். இன்றைய கணக்கில் பார்த்தா நம்ம மாதிரி பொட்டி தட்டுற வேலைதான்னு வச்சுக்குங்க. இருபத்தஞ்சு வயசில் வேலையை விட்டுட்டு இந்த ஓவியப் பள்ளியில் மாணவராச் சேர்ந்தார். 1936இல் இருந்து 1940 வரை படிப்பு. அப்புறம் அங்கேயே வாத்தியார். அப்புறம் முதல்வர்.

முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவரை அரிச்ச கேள்வி ஒன்றுதான். வருஷா வருஷம் திறமையான பசங்க படிச்சு வெளியே போறாங்க. போய் என்ன பண்றாங்க? மெட்ராஸில் அப்போ ஓவியம் வாங்க ஆள் கிடையாது, காலரின்னு சொல்லிக்க ஒண்ணு ரெண்டுகூட தேறாது. வயித்துப்பாட்டுக்கு ஏதோ ஒரு வேலையில் நுழைஞ்சா, பிரஷ் கொஞ்ச நாளில் காய்ஞ்சு போயிடும்.

ஒரே நேரத்தில் ரெண்டு எஸ்டேட்

இதே வருஷங்களில் நம்ம பக்கம் என்ன நடந்தது? 1964இல் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட். 1965 கடைசியில் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் இருந்து முதல் விஜயந்தா டேங்க் வெளியே வந்தது. மெட்ராஸின் மேற்கு முழுக்க லேத்துச் சத்தமும் ஷிஃப்டு சங்கும்.

என் தாத்தா எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டினவர். ஷிஃப்டு முடிஞ்சதும் கழிச்சுப் போட்ட துண்டுப் பித்தளையில் பம்பரம் கடைவாராம். ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. எதுக்கு தாத்தான்னு கேட்டா, "இது கணக்குல வராத வேலைடா" என்பார். அதில் ஒன்று இன்னும் எங்க வீட்டு ஷோகேஸில் இருக்கு. நல்லாவே சுத்தாது. ஆனா பார்க்க அழகு.

1966 ஏப்ரலில், மேற்கே இவ்வளவு இரும்பு கடையப்பட்டுக்கொண்டு இருந்தபோது, தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் பணிக்கரும் அவரோட மாணவர்களும் சேர்ந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஆரம்பித்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள். கரண்ட் கிடையாது. மணலும் கூரைக் கொட்டகையும்தான். நிலம் வாங்கின காசு அரசாங்கம் கொடுத்ததில்லை, எந்தப் பணக்காரரும் கொடுத்ததில்லை. எல்லாரும் சேர்ந்து பத்திக் துணி செய்து, கண்காட்சி வைத்து விற்று வந்த காசு. பத்திக்னா, துணியில் உருக்கின மெழுகால் வரைந்து சாயத்தில் முக்குவது. மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மெழுகு விரிசல் விட்ட இடத்தில் மட்டும் மெல்லிசாக் கோடு கோடா இறங்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். சோழமண்டலத்தை எல்லாரும் "வேலையை உதறிட்டுக் கலைக்காக வாழ்ந்தவர்கள்" என்ற கதையாகவே சொல்லுவாங்க. உண்மையில் அவங்க செய்தது அதைவிடக் கெட்டிக்காரத்தனம். பத்திக், உலோக வேலை, மரவேலைன்னு கைத்தொழில் ஒரு பக்கம் அடுப்பை எரியவிடும். அதனால் ஓவியம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. விற்றால் சரி, விற்காவிட்டாலும் சரி. கணக்கில் வராத வேலைக்கு இடம் கிடைக்கணும்னா, கணக்கில் வரும் வேலையை ஒழுங்காச் செய்து அந்த இடத்தை வாங்கணும். அவங்க அதை நிஜமாவே ஏக்கர் கணக்கில் வாங்கினாங்க :-)

கணக்கு நோட்டு

பணிக்கர் 1963இல் ஆரம்பித்து, 1977இல் இறக்கும் வரை விடாமல் வரைந்த வரிசை 'சொற்களும் குறியீடுகளும்'. அது தொடங்கின விதம் நம்ம எல்லாருக்கும் பிடிக்கும். கணக்குப் படிக்கும் மாணவர் ஒருவரின் நோட்டைப் பார்க்கிறார். பக்கம் முழுக்க எண்கள், அல்ஜீப்ரா சூத்திரங்கள், வடிவங்கள். நமக்கு அந்தப் பக்கம் பரீட்சை பயம். அவருக்கோ அது ஓவியமாத் தெரிஞ்சிருக்கு. பிறகு அதோட ஜாதகக் கட்டங்கள், மலையாளம் போலத் தோன்றும் எழுத்துகள் எல்லாம் வந்து சேர்ந்தன.

சோழமண்டலத்தில் 2009இல் திறந்த மியூசியத்தில் மெட்ராஸ் ஓவியர்களின் வேலைகளைப் பார்க்கலாம். பணிக்கரின் அந்தப் படங்கள் முன்னாடி நின்னா, முதலில் ஒரு வரி விடாமப் படிக்கத்தான் பார்த்தேன். தொழில் புத்தி. லாக் ஃபைல் மாதிரி எங்க தப்புன்னு தேடினேன். ஒரு எழுத்தும் படிக்க முடியலை. ஏன்னா அது படிப்பதற்கான எழுத்தே இல்லை. பத்து நிமிஷம் கழிச்சுப் படிக்கிறதை விட்டுட்டேன். அப்போதான் பார்க்கவே ஆரம்பிச்சேன். பகல் முழுக்க ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரே ஒரு அர்த்தம்தான்னு பிழைக்கிறவனுக்கு, அர்த்தமே கேட்காத குறியீடு எவ்வளவு பெரிய ஓய்வு தெரியுமா!

ஒரு இன்ஜினியரும் ஒரு ஆதிமூலமும்

இதெல்லாம் முழுநேரக் கலைஞர்கள் கதை, நமக்கு என்னன்னு கேட்கலாம். அதுக்கு அச்சுதன் கூடல்லூர். 1945இல் பாலக்காட்டுப் பக்கம் கூடல்லூரில் பிறந்தவர். சிவில் இன்ஜினியரிங் படிச்சுட்டு வேலைக்காக மெட்ராஸ் வந்தவர். வேலை பார்த்துக்கொண்டே, அதே பூந்தமல்லி ஹைரோட்டுக் கல்லூரி வளாகத்தில் நடந்த மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் வரையப் பழகினார். ஆரம்பத்தில் மனித உருவங்கள். போகப் போக உருவம் கரைஞ்சு, நிறம் மட்டும் மிஞ்சியது. 1988இல் லலித் கலா அகாதெமியின் தேசிய விருது. 2022இல் சென்னையில் மறையும் வரை, தென்னிந்திய அரூப ஓவியத்தில் தவிர்க்க முடியாத பேர் அவருடையது. அவருக்கும் ஆரம்பம் வேலை நேரம் போக மிச்சமிருந்த பொழுதுதான்.

ஆதிமூலத்தைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஜூனியர் விகடனில் கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' வந்தப்போ அதுக்குக் கோட்டோவியம் போட்டவர். 1969இல் காந்தி நூற்றாண்டுக்கு நூறு காந்திகளை வரைந்தவர். கோட்டில் அவ்வளவு பிடி உள்ள மனிதர், பிற்பாடு கோட்டையே விட்டுட்டு வெறும் நிறப்பரப்புகளுக்குப் போனார். வரையத் தெரியாதவன் போடுற பம்மாத்துதான் அரூபம் என்று சொல்றவங்களுக்கு, ஆதிமூலத்தின் காந்தியை முதலில் காட்டிட்டு அப்புறம் அவரோட வண்ணங்களைக் காட்டலாம்.

நிற்க. ஓவியம் சர்வரோக நிவாரணின்னு நான் சொல்ல வரலை. அதே சோழமண்டலத்தில் வாழ்ந்தவர் கே. ராமானுஜம். பேனா மையில் கனவு மாளிகைகளை வரைந்தவர், தொப்பி போட்ட தன்னையே அதற்குள் உலவவிட்டவர். அந்தத் தலைமுறையின் அபாரமான கற்பனை அவருடையது. 1973இல், முப்பத்துச் சொச்சம் வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். சுற்றிலும் நண்பர்கள், கையில் அவ்வளவு திறமை. அப்படியும் போதவில்லை. அதனால் மனசு நிஜமாகவே நோயில் கிடந்தால் டாக்டரிடம்தான் போகணும். போஸ்டர் கலர் கூடவே இருக்கலாம், டாக்டருக்குப் பதிலா இருக்க முடியாது.

நம்ம மாதிரி சாதாரண ஆணி அலுப்புக்கு? 2016இல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேரை 45 நிமிஷம் இஷ்டத்துக்கு ஏதாவது செய்யச் சொன்னார்கள். மார்க்கர், களிமண், காகித ஒட்டு, எது வேணாலும். முன்னும் பின்னும் எச்சிலில் கார்ட்டிசால் அளந்தார்கள். சுமார் முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன் அனுபவம் இருந்தவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் பெரிசா இல்லை. சின்ன ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் வைக்கலை. இதை வச்சு ஒரேயடியாக் குதிக்க வேண்டாம். ஆனா என் ஞாயித்துக்கிழமைத் தூக்கத்துக்கு அது பொருந்தி வருது.

வாசலில் இருப்பது

திரும்ப அம்மாவிடம் வருவோம். தேடினதை எல்லாம் ஒரு லெக்சரா அடிச்சேன். பணிக்கர், பத்திக், கணக்கு நோட்டு எல்லாம். அம்மா பொறுமையாக் கேட்டுட்டு, "சரி, இதுல என்ன இருக்கு?" என்று மறுபடி அதே இடத்துக்கு வந்தாங்க.

"காலையில வாசல்ல சிக்குக் கோலம் போட்டியே, அதுல என்னம்மா இருக்கு?"

"அது கோலம்டா."

அவ்வளவுதான் பதில். முப்பது வருஷமா அம்மா தினமும் போடுற புள்ளிக்கும் வளைவுக்கும் யாரும் அர்த்தம் கேட்டதில்லை. சாயங்காலத்துக்குள்ள வண்டிச் சக்கரம் அழிச்சிடும், மிச்சத்தை எறும்பு தின்னும். மறுநாள் வேற. நம்ம துறைக்காரங்களுக்கு ஒரு தகவல்: தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கூடவே கமலா கிருத்திவாசன், மூவரும் 1974இலேயே கோலத்தை வைத்துப் பட இலக்கணம் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்காங்க. கம்பைலர் எழுத உதவும் அதே இலக்கணக் கோட்பாட்டின் பங்காளி. அதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். கோலம் போடாத நாள் "கை நமநமன்னு இருக்கு" என்பாங்க, அது தெரியும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை நான் பேப்பரை விரிச்சப்போ அம்மா பக்கத்தில் வந்து நின்னாங்க. என்னடா இதுன்னு கேக்கலை. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இந்தப் பக்கம் ரொம்ப கனமா இருக்கு. அந்த ஓரத்துல ஒரு கோடு இழு" என்றாங்க.

இழுத்தேன். சரியாத்தான் இருந்தது.

டிஸ்கி: அந்த ரெண்டு மணி நேரத்துக்கு டைம்ஷீட்டில் எந்தத் தலைப்பும் கிடையாது. தாத்தா சொன்ன பேரையே வச்சிருக்கேன்.