உப்புக்கரைசல் பொட்டலம் பிறந்த கதை

காலரா கண்டவர் உடலிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் வெளியேறலாம். 1884-இல் கல்கத்தாவில் ராபர்ட் கோக் கிருமியை இனங்கண்டார். ஆனால் அது இவ்வளவு நீரை எப்படி இறைக்கிறது என்பது தெளிவாக மேலும் 75 ஆண்டுகள் ஆயின. 1959-இல் அதே கல்கத்தாவில் சம்புநாத் தே, கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தை முயலின் குடலில் செலுத்தினார். குடல் நீர்கோத்து வீங்கியது. கிருமியே வேண்டாம், அது சுரக்கும் நஞ்சு போதும் என்று நிறுவினார்.

அந்த நஞ்சு, குடல் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறைப் பெருக்குகிறது. அதனால் செல் சவ்விலுள்ள சி.எஃப்.டி.ஆர். என்னும் குளோரைடு கால்வாய் மூடாமல் திறந்தே கிடக்கிறது. எதிர்மின்னூட்டமுள்ள குளோரைடு அயனிகள் குடலுக்குள் கொட்டுகின்றன. நேர்மின்னூட்டமுள்ள சோடியம் பின்தொடர்கிறது. உப்பு போன பக்கம் நீரும் போகிறது. அயனம்பாக்கம் ஏரியைப் போன்ற ஒன்றில் மதகு திறந்தபடி சிக்கிக்கொண்டால் என்ன செய்வோம்? அடைக்க முடியாதபோது, வரத்துக் கால்வாயைத் திறந்து விட்டாவது ஏரியைக் காக்கலாம்.

குடலில் அப்படியொரு வரத்துக் கால்வாய் உண்டு. குளுக்கோஸ் சோடியத்தோடு சேர்ந்தே குடல் செல்லுக்குள் நுழைகிறது என்று 1960-இல் ராபர்ட் கிரேன் விளக்கினார். நஞ்சு இந்த வழியைத் தொடுவதில்லை. 1968-இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் குளுக்கோஸ் சேர்த்த உப்புநீரை நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். நரம்பில் ஏற்ற வேண்டிய திரவத்தின் தேவை ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்தது.

1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையிலுள்ள பன்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவியது. டிரிப் பாட்டில்கள் தீர்ந்துபோயின. மருத்துவர் திலீப் மகலநாபிஸின் குழு கல்கத்தாவில் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் நிறுத்து, பாலிதீன் பைகளில் அடைத்து அனுப்பியது. உறவினர்களே கரைத்துப் புகட்டினார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. பொட்டலம் பிறந்தது அங்கேதான்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. வேலூர் சி.எம்.சி.யில் பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர், எளிதில் செரிக்காத மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தார்கள். அது பெருங்குடலில் நொதித்து, அங்கும் சோடியத்தையும் நீரையும் உறிஞ்சவைத்தது, பேதி குறைந்தது. இந்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்திய அளவின்படி, ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, டிரைசோடியம் சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல் என்று சரிசமமாக நிற்கின்றன. சர்க்கரை மிகுந்தால் அதுவே நீரைக் குடலுக்குள் இழுக்கும்; குளிர்பானமும் பழச்சாறும் இதற்கு மாற்றாகாதது அதனால்தான்.

ஆகவே முழுப் பொட்டலத்தையும் அதில் குறித்த அளவு சுத்தமான நீரில் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். குழந்தை துவண்டுபோனாலோ, குடிக்க முடியாமல் போனாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். கொடுத்தும் பேதி நிற்கவில்லையே என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். இந்தக் கரைசல் திறந்த மதகை அடைப்பதில்லை, போன நீரை மீட்டுத் தருகிறது. பேதி உடனே நிற்காது, உயிர் நிற்கும்.