நகுலன் இல்லாத குதிரைகள்



எங்கள் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் விழா பதினெட்டு நாள் நடைபெறும். அங்கே பஞ்ச பாண்டவருள் நகுலனைக் காணும்போதெல்லாம் எனக்குக் குதிரைகளின் நினைவு வரும். விராடன் அரண்மனையில் மறைந்து வாழ்ந்த காலத்திலே குதிரைகளைப் பராமரிக்கும் பணியை ஏற்றவன் அவனல்லவா?

குதிரை தமிழ் மண்ணுக்குக் கடல்வழி வந்த செல்வம். காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோவோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்ட குதிரைகள், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமையால் மடிந்தன என்று எழுதிவைத்தார். பொன் கொடுத்து வாங்க முடிந்தது, வளர்க்கத் தெரியவில்லை.

வளர்ப்புக்கு வாய்ப்பான இடமாக அமைந்தது நெடுந்தீவு. போர்த்துக்கேயர் கொண்டுவந்த குதிரைகளை, 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அங்கே பெருக்கினர். பரந்த புல்வெளி, நாற்புறமும் கடல். இதைவிட நல்ல வேலி வேறேது? குதிரைகளை மேயவிட்டு, வேண்டியபோது பட்டிக்குள் சாய்த்துப் பிடித்துப் பழக்கினர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரித்தானியர் ஆட்சியிலே, லெப்டினன்ட் நோலன் தீவைப் பொறுப்பேற்றிருந்தார். பின்னர் குதிரை வளர்ப்பு கைவிடப்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவருடன் குறிகட்டுவானிலிருந்து படகேறி அத்தீவுக்குச் சென்றேன். லாயத்தின் கற்றூண்கள் இன்னும் நிற்கின்றன. அக்குதிரைகளின் வழித்தோன்றல்கள் கட்டுவாரின்றித் திரிகின்றன. "சேர், இவை எவ்வளவு சுதந்திரமாக இருக்கின்றன!" என்றான் ஒரு மாணவன். நான் பதில் சொல்லவில்லை. அருகே வற்றிய குளமொன்றின் வெடித்த சேற்றில் குளம்படிகள் பதிந்திருந்தன. கடுங்கோடையில் நீரின்றிக் குதிரைகள் மடிவதுண்டு என்பதை அவன் அறியான்.

2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. நல்லதே. ஆயினும் பிரகடனம் தாகம் தீர்க்குமா? கோடையிலே தொட்டிகளில் நீர் நிரம்ப வேண்டும்.

விதைப்புக்கு முன் மாடுகளை வயலிலிருந்து மேய்ச்சல் தரைக்குச் சாய்க்கும்போது எங்களூர் வயற்காரர் முதலில் கேட்பது, "அங்க தண்ணி கிடக்கா?" என்பதே. கயிற்றை அவிழ்த்ததோடு தம் கடமை தீர்ந்ததென்று அவர்கள் எண்ணுவதில்லை. நெடுந்தீவுக் குதிரைகளுக்காகவும் அந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும்.